குருதிக் கலத்தில் விற்றமினை அளந்த கதை

கருத்தரிக்க எண்ணும் பெண்கள் போலிக் அமிலக் குளிசை எடுக்கவேண்டும் என்பது இன்று ஏறத்தாழ அனைவரும் அறிந்த செய்தி. கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர் அதனைக் கூறுவார். பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கம் இடையிடையே அதனை எழுதும். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகத் தொடங்கும் நாட்களில் இந்த விற்றமின் போதாதிருந்தால் நரம்புக் குழாய் முழுமையாக மூடாது போகலாம் என்பதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு பெண்ணின் உடலில் அது போதியளவு உண்டா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளந்தார்கள் என்ற வரலாறு எமது பக்கங்களில் அதிகம் இடம்பெற்றதில்லை. ஓர் எண்ணைக் கண்டால் "இதை யார் எண்ணினார், எப்படி எண்ணினார்?" என்று கேட்பது பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம். அந்தப் பழக்கத்தினால் தேடிப் படித்தபோது, குளிசையின் கதையைவிட அளவையின் கதையே எனக்குச் சுவையாகப்பட்டது.

முதலில் ஒரு சிறு விளக்கம். குருதியில் விற்றமினை இரண்டு இடங்களில் அளக்கலாம். ஒன்று, கலங்களை நீக்கியபின் எஞ்சும் தெளிந்த நீரான சீரம். மற்றது, குருதிக் கலங்களின் உட்புறம். சீரம் என்பது மடியில் முடிந்துவைத்த சில்லறையைப் போன்றது. நேற்று உண்ட கீரையும் இன்று காலை விழுங்கிய குளிசையும் அதில் உடனே தெரியும். இரண்டு வாரம் சரியாக உண்ணாவிட்டால் அதுவும் தெரியும். கலத்தின் உட்புறமோ பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் கொம்பறையைப் போன்றது. ஒரு போக விளைச்சல் அங்கே கிடக்கும். ஒரு குடும்பம் பசியில் இருக்கிறதா என்பதை மடிச் சில்லறையைக் கொண்டு கூறமுடியாது. கொம்பறையைத் திறந்து பார்க்கவேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தன் உடலிலேயே காட்டியவர் பொஸ்ரன் நகரின் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் கிரான்டன். 1939 இல் அவர் விற்றமின் சி அறவே இல்லாத உணவை ஆறு மாதங்கள் உண்டார். 41 ஆவது நாளளவில் குருதியின் திரவவிழையத்தில் அந்த விற்றமின் முற்றாக அற்றுப்போயிற்று. அன்றைய பாடநூல்களின்படி அவர் நோயாளியாகியிருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் நிகழவில்லை. மூன்றாம் மாதத்தில் அவரது உடலில் வேண்டுமென்றே ஏற்படுத்திய வெட்டுக்காயமும் ஒழுங்காக ஆறியது. வெண்குருதிக் கலப் படையில் விற்றமின் தீர்ந்தது 121 ஆவது நாளளவிலேதான். அதன் பின்னரே தோலில் முதல் அடையாளங்கள் தோன்றின. ஆறாம் மாதத்தில் ஏற்படுத்திய காயம் ஆறவில்லை. 1940 இல் வெளியான அந்தக் கட்டுரை விற்றமின் சியைப் பற்றியது. எனினும் கலத்துக்குள் நோக்கவேண்டும் என்ற பாடத்தை அது பொதுவாகவே வைத்தது.

போலிக் அமிலத்தின் கதை இதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, எமது பக்கத்திலேயே தொடங்குகிறது. லூசி வில்ஸ் 1888 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவியியற் பாறையியலும் பயின்றவர். தந்தையும் தமக்கையும் அடுத்தடுத்து மறைந்தபின், 1913 இல் தாயாருடன் இலங்கைக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். மருத்துவம் படிக்கத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். 1928 இல் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான குருதிச்சோகையினால் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களது செங்குருதிக் கலங்கள் இயல்புக்கு மாறாகப் பெருத்துக் காணப்பட்டன. எந்தப் பெண்களின் உணவு மிக வறியதோ அவர்களிடமே நோயும் மிகுந்திருந்ததை வில்ஸ் கவனித்தார்.

நீலகிரியின் குன்னூரிலிருந்த மக்கரிசனின் ஊட்டச்சத்து ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு அந்த வறிய உணவையே கொடுத்துப் பார்த்தார். எலிகளின் சோகைக்குப் பேன் பரப்பிய தொற்றும் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே குரங்குகளில் மீண்டும் முயலவேண்டியிருந்தது. ஈரலின் தூய்மையாக்கிய சாறு உதவவில்லை. மதுவத்தின் சாறு உதவியது. மலிவான மதுவச் சாறு கடையிலேயே கிடைத்தது: மார்மைட்! சென்னையில் கோஷா வைத்தியசாலை என்று அறியப்பட்ட, பின்னாளில் கஸ்தூரிபா காந்தி வைத்தியசாலையான இடத்திலும் 1931 இல் அவர் பணியாற்றினார். அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அவரது முடிவுகள் வெளியாயின. எமது நாட்டில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்ற 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மெலிந்த மக்களுக்கு மார்மைட் வழங்கினார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். பாணில் பூசி உண்ணும் அந்தக் கரிய பசைக்கு இப்படியும் ஓர் அரசியல் வரலாறு உண்டு.

வில்ஸிடம் நோயும் இருந்தது, மருந்தும் இருந்தது. மருந்தில் இருந்த பொருள் எது, அது எவ்வளவு என்று கூற வழி இருக்கவில்லை. அந்த வழியைத் தந்தவை பற்றீரியாக்கள். பாலிலும் பாற்கட்டியிலும் வாழும் சில பற்றீரியாக்களை வளர்க்க முயன்ற அமெரிக்க விஞ்ஞானிகள், தெரிந்த சத்துக்கள் யாவற்றையும் கொடுத்தும் அவை வளராதிருப்பதைக் கண்டனர். ஈரல், மதுவம், கீரை ஆகியவற்றின் சாற்றில் ஒரு துளி சேர்த்தால் வளர்ந்தன. 1941 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் நான்கு தொன் பசளிக்கீரையிலிருந்து அந்தப் பொருளைச் செறிவாக்கி எடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

அடுத்த கட்டத்திலும் எமது அயலவர் ஒருவர் வருகிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகட சுப்பாராவ், லெடெர்லே நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், அவரது குழுவினர் அந்த அமிலத்தின் கட்டமைப்பைக் கண்டறிந்து ஆய்வுகூடத்தில் தயாரித்தனர். அது 1945 இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் சுப்பாராவ் காலமானார். அவர் பற்றித் தனியே எழுதவேண்டும்.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். லக்ரோபசிலஸ் கேசி என்ற பற்றீரியாவுக்குப் (அதன் இனப்பெயர் பின்னர் மாற்றப்பட்டது) போலேட் தவிர்ந்த எல்லாச் சத்தும் நிறைந்த ஊடகம் ஒன்று குழாயில் தயாரிக்கப்படும். போலேட் என்பது உணவிலும் உடலிலும் உள்ள இந்த விற்றமின் வடிவங்களுக்குரிய பொதுப்பெயர். அந்தக் குழாயில் நோயாளியின் குருதியில் ஒரு சிறிதளவைச் சேர்த்து, உடல் வெப்பநிலையில் ஓர் இரவோ அதற்கு மேலோ வைப்பர். குருதியில் விற்றமின் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குப் பற்றீரியா பெருகும். பெருகப்பெருகத் திரவம் கலங்கும். ஒளிக்கற்றையைச் செலுத்திக் கலங்கலை அளந்தால் விற்றமின் அளவு கிடைக்கும். சீரத்தின் ஒரு மில்லிலீற்றரில் இந்த விற்றமின் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கே இருக்கும். அக்கால இரசாயனத் தராசுகள் எதுவும் நெருங்க முடியாத அந்த அளவைப் பசித்த ஒரு நுண்ணுயிர் கூறிவிட்டது.

எனினும் தொடக்கத்தில் விடைகள் மாறிமாறி வந்தன. போலேட் காற்றுப் பட்டாலும் சூடு பட்டாலும் அழியும். குருதியை எடுத்துச் சூடாக்கிப் பதப்படுத்தும்போதே பெரும்பகுதி மறைந்துபோயிற்று. இலண்டன் ஹமர்ஸ்மித்தில் பணியாற்றிய வாட்டர்ஸ், மொலின் ஆகியோர் 1961 இல் வெளியிட்ட முறையில் குருதியுடன் விற்றமின் சி சேர்க்கப்பட்டது. அது தானே ஒட்சியேற்றப்பட்டுப் போலேட்டைக் காத்தது. ஒரு விற்றமினுக்கு மற்றொரு விற்றமின் காவல் நின்றது என்று கூறலாம்.

செங்குருதிக் கலத்துக்குள் அளப்பதில் மேலும் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே போலேட் நீண்ட சங்கிலி வாலுடன் கட்டுண்டு கிடக்கிறது. அந்த வடிவத்தைப் பற்றீரியாவால் சரிவர உண்ண முடியாது. கலங்களை நீரில் உடைத்து விற்றமின் சி கலந்து சிறிது நேரம் வைத்திருந்தால், குருதித் திரவவிழையத்தில் இயல்பாகவே உள்ள நொதியம் ஒன்று அந்த வாலை வெட்டிவிடும். ஹொவ்பிரான்ட், நியூகோம்ப், மொலின் ஆகியோர் 1966 இல் இந்த முறையை ஒழுங்குபடுத்தி, போலேட் குறைபாட்டைக் கண்டறிய அது எவ்வளவு பயன்படும் என்பதையும் எழுதினார்கள். குருதியில் கலங்களின் பங்கு எத்தனை விழுக்காடு என்பதை அளந்து கணக்குத் தீர்க்கவேண்டும். சோகையுள்ள பெண்ணிடம் அந்தப் பங்கு குறைவாக இருக்குமல்லவா? அந்தக் கணக்கை மறந்தால் விடை பிழைக்கும்.

செங்குருதிக் கலத்தின் சிறப்பு யாதெனில், அது என்புமச்சையில் உருவாகும்போது மட்டுமே போலேட்டைச் சேர்த்துக்கொள்கிறது. முதிர்ந்து குருதியில் இறங்கியபின் புதிதாக எடுப்பதில்லை. ஏறத்தாழ 120 நாட்கள் உலவி மடிகிறது. ஆகவே இன்று எடுக்கும் ஒரு துளிக் குருதியில் கடந்த நான்கு மாதங்களில் வெவ்வேறு நாட்களில் பிறந்த கலங்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தான் பிறந்த நாளின் நிலையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இதையும் ஒருவர் தன் உடலில் சோதித்தார். அவரும் பொஸ்ரன் நகரத்தவரே. குருதியியலாளர் விக்ரர் ஹேர்பேட் 1961 இல் தன் உணவு முழுவதையும் மூன்றுமுறை கொதிக்கவைத்து, நீரைக் கொட்டிவிட்டு உண்ணத் தொடங்கினார். போலேட்டுடன் பொற்றாசியமும் கொட்டப்பட்டதால் இடையில் அவரது கால்கள் வலுவிழந்தன, அது தனிக்கதை. மூன்றாம் வாரத்திலேயே சீரத்தின் போலேட் வீழ்ந்தது. ஏழாம் வாரத்தில் வெண்குருதிக் கலங்களின் கருக்களில் மாற்றம் தெரிந்தது. செங்குருதிக் கலங்களின் போலேட் குறைந்தது 17 ஆம் வாரத்தை அடுத்து. 19 ஆம் வாரத்தில் என்புமச்சை மாறியது. சோகை அதனுடன் வந்தது. சீரத்தின் எச்சரிக்கை நான்கு மாதம் முந்தியது என்றால், செங்குருதிக் கலத்தின் எச்சரிக்கை நோயின் வாயிலில் நின்று ஒலித்தது.

இவை யாவும் குருதிச்சோகையைப் பற்றியவை. குழந்தைகளின் நரம்புக் குழாய்க் குறைபாட்டுடன் இதனை இணைத்தவர்கள் இங்கிலாந்தின் வடபகுதி வைத்தியர்கள். லிவர்பூலில் ஹிபார்ட்டும் ஸ்மிதெல்ஸும் 1965 இல் சிறுநீர்ச் சோதனை ஒன்றைக் கொண்டு அந்தச் சந்தேகத்தை எழுப்பினர். பின்னர் லீட்ஸ் நகருக்குச் சென்ற ஸ்மிதெல்ஸ், ஷெப்பார்ட், ஷோரா என்போருடன் சேர்ந்து, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இருந்த 900 க்கும் மேற்பட்ட பெண்களின் குருதியைச் சேகரித்தார். சீரத்தின் போலேட், செங்குருதிக் கலத்தின் போலேட், வெண்குருதிக் கலத்தின் விற்றமின் சி, விற்றமின் பி2, விற்றமின் ஏ ஆகிய அனைத்தும் அளக்கப்பட்டன. வசதியான குடும்பத்துப் பெண்களிடம் இவை கூடியும் வறியவர்களிடம் குறைந்தும் இருந்தன. பிறகு பிரசவங்கள் நிகழ்ந்தன. ஆறு தாய்மாருக்கு நரம்புக் குழாய்க் குறைபாடுள்ள குழந்தைகள் பிறந்தன.

ஆறே ஆறு பேர். புள்ளிவிபரவியலாளர்கள் புன்னகைக்கக்கூடிய எண். அந்த ஆறு பேரிடமும் சீரத்தின் போலேட் சராசரியில் குறைவாகவே இருந்தது. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய குறைவு. கலத்துக்குள் அளந்த இரண்டில் மட்டுமே, அதாவது செங்குருதிக் கலத்தின் போலேட்டிலும் வெண்குருதிக் கலத்தின் விற்றமின் சியிலும் மட்டுமே, தற்செயல் என்று கூறமுடியாத வேறுபாடு தென்பட்டது. போலேட்டில் அது ஆயிரத்துக்கு ஒன்றிலும் குறைந்த தற்செயல் வாய்ப்பு. 1976 இல் அந்தக் கட்டுரை வெளியாயிற்று. சீரத்தை மட்டும் அளந்திருந்தால் அந்த ஆறு தாய்மாரின் குருதி எதையும் உறுதியாகக் கூறியிராது.

அதன்பின் நிகழ்ந்தவை பலருக்கும் தெரிந்தவையாதலால் சுருக்கமாகக் கூறுகிறேன். ஏற்கெனவே அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு ஸ்மிதெல்ஸ் பல்விற்றமின் குளிசை கொடுத்துப் பார்த்தார். ஒரு பகுதியினருக்கு வெறும் குளிசை கொடுக்க அறநெறிக் குழுக்கள் இணங்காததால், குளிசை எடுக்காதவர்களுடன் ஒப்பிடவேண்டியதாயிற்று. குளிசை எடுத்தோரில் 178 இல் 1, எடுக்காதோரில் 260 இல் 13 என 1980 இல் வெளியான முடிவு கூறியது. ஒப்பீடு செப்பமானதல்ல என்ற கண்டனமும் எழுந்தது. பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபை ஏழு நாடுகளில் 33 நிலையங்களில் நடத்திய முறையான சோதனை 1991 இல் அந்த விவாதத்தை முடித்தது. போலிக் அமிலம் எடுத்தோரிடம் 6 குழந்தைகளும், எடுக்காதோரிடம் 21 குழந்தைகளும் பாதிக்கப்பட்டிருந்தன. 1976 க்கும் 1991 க்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைப் பற்றி எண்ணாதிருக்க முடியவில்லை.

குளிசை உதவும் என்பது உறுதியாயிற்று. எவ்வளவு இருந்தால் போதும் என்பது உறுதியாகவில்லை. அதற்கு விடை டப்ளின் நகரிலிருந்து வந்தது. 1986 முதல் 1990 வரை அங்குள்ள மூன்று மகப்பேற்று வைத்தியசாலைகளுக்குச் சென்ற 56,000 பெண்களின் குருதி மாதிரிகள் முதல் வருகையின்போதே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பெற்ற 80 க்குச் சற்று அதிகமான தாய்மாரின் மாதிரிகளை ஏனையோரின் மாதிரிகளுடன் ஒப்பிட்டு, டேலி, கேர்க், மொலொய், வெயர், ஸ்கொட் ஆகியோர் 1995 இல் எழுதினார்கள். செங்குருதிக் கலத்தில் லீற்றருக்கு 340 நனோமோலிலும் குறைந்திருந்தால் ஆயிரம் பிரசவங்களில் 6.6 குழந்தைகள், 906 ஐ எட்டியிருந்தால் 0.8 குழந்தைகள். எட்டு மடங்கு வேறுபாடு.

இங்கேதான் செங்குருதிக் கலத்தின் நினைவாற்றல் உதவியது. நரம்புக் குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்கள் தாம் கருவுற்றதை அறிவதும் அந்நாட்களில்தான். டப்ளின் பெண்கள் வைத்தியசாலைக்கு வந்ததோ 15 ஆவது வாரத்தை அண்டி. சீரம் அந்த வாரத்து உணவைக் கூறியிருக்கும். ஆனால் குழாய் மூடிய நாட்களில் பிறந்த செங்குருதிக் கலங்கள் இரண்டு மாதம் கழித்தும் அந்தப் பெண்களின் நாளங்களில் உலவிக்கொண்டிருந்தன.

இதற்கிடையில் ஆய்வுகூடங்கள் பற்றீரியாவைக் கைவிடத் தொடங்கியிருந்தன. நியாயமான காரணங்களும் உண்டு. அது மெதுவானது, கை பழகிய ஆய்வாளர் வேண்டும், நோயாளி நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டிருந்தால் குழாயிலுள்ள பற்றீரியாவும் மாண்டு, போலேட்டே இல்லை என்ற பொய் விடை வரும். பின்னதற்கு 1970 இல் குளோரம்பெனிக்கோலுக்கு அஞ்சாத பற்றீரியாவைப் பழக்கி ஒரு பரிகாரம் கண்டார்கள். எனினும் கதிரியக்க முறைகளும் பின்னர் தானியங்கிப் பொறிகளும் வந்தன. நூறு மாதிரிகளுக்கு ஒரு மணி நேரத்தில் விடை தரும் பொறியை எந்த வைத்தியசாலைதான் மறுக்கும்?

பொறிகள் ஒரே குருதிக்கு வெவ்வேறு எண்களைத் தந்தன. போலேட் ஒரே பொருளல்ல, ஒரு குடும்பம் என்பதே காரணம். பற்றீரியா அந்தக் குடும்பத்தின் உறுப்பினர் அனைவரையும் ஏறத்தாழச் சமமாக உண்ணும். பொறியிலுள்ள புரதமோ சிலரை இறுகவும் சிலரைத் தளரவும் பற்றும். 1995 இல் கண்டறியப்பட்ட மரபணு வேறுபாடு ஒன்றை உடையவர்களின் செங்குருதிக் கலங்களில் இந்த வடிவங்களின் விகிதமே மாறியிருக்கும். அவர்களிடம் சில முறைகள் ஒன்றையும் பற்றீரியா வேறொன்றையும் கூறின. நரம்புக் குழாய்க் குறைபாட்டு ஆபத்துச் சற்றுக் கூடியவர்களும் அவர்களே என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்கா தன் தேசிய ஊட்டச்சத்துக் கணிப்பீட்டில் பல ஆண்டுகள் பயன்படுத்திய கதிரியக்க முறை, செங்குருதிக் கலத்தின் போலேட்டைக் கணிசமாகக் குறைத்தே கூறிவந்தது தெரியவந்தது. 2007 முதல் அந்நாடு பற்றீரியாவுக்கே திரும்பியது. இம்முறை கண்ணாடிக் குழாய்களுக்குப் பதில், டப்ளின் விஞ்ஞானிகள் 1992 இல் விவரித்தது போன்ற 96 சிறு குழிகள் கொண்ட தட்டுகள். நாள்தோறும் வளர்க்கும் பற்றீரியாவுக்குப் பதில், உறையவைத்த பற்றீரியா.

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில் டப்ளினின் எண்ணை ஒட்டியே, கருத்தரிக்கும் வயதுப் பெண்களின் செங்குருதிக் கலப் போலேட் 906 நனோமோலுக்கு மேல் இருக்கவேண்டும் என்று கூறியது. தனியொரு பெண்ணின் எதிர்காலத்தைக் கூறும் எண்ணாக அன்றி, ஒரு மக்கட்கூட்டத்தை மதிப்பிடும் எண்ணாகவே அது வைக்கப்பட்டது. அளவை பற்றீரியா முறையிலேயே அமையவேண்டும் என்பதும் குறிப்பிடப்பட்டது.

அதன் பிறகும் ஒரு முடிச்சு இருந்தது. பற்றீரியாவின் வளர்ச்சியை எண்ணாக மாற்ற, அளவு தெரிந்த நியமக் கரைசல் ஒன்று வேண்டும். டப்ளினில் அந்த நியமம் போலிக் அமிலம். பின்னாளில் பல ஆய்வுகூடங்கள், உடலில் இயல்பாகவுள்ள மெதைல் வடிவத்தை நியமமாகக் கொண்டன. அது கூடுதல் நியாயமானதும்கூட. ஆனால் நியமம் மாறினால் எண்ணும் மாறும். மெதைல் நியமத்தில் டப்ளினின் 906 என்பது ஏறத்தாழ 748 என்று 2016 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். இந்த மாற்றத்தைச் செய்யாது 906 ஐ அப்படியே பிரயோகித்தால், குறைபாடில்லாத இலட்சக்கணக்கான பெண்கள் குறைபாடுள்ளோர் பட்டியலில் ஏறிவிடுவர். மறுபுறம், கதிரியக்க முறையின் பழைய எல்லைகளைப் பற்றீரியாவின் எண்களுக்குப் பொருத்தினால் குறைபாடு மறைந்துபோகும். 800 என்று எழுதிய ஓர் அறிக்கை நற்செய்தியா துர்ச்செய்தியா என்பதை, எந்த நியமம் பயன்பட்டது என்று அறியாமல் கூற இயலாது.

பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கு ஒரே குருதியை அனுப்பி ஒப்பிட்ட ஆய்வொன்று 2018 இல் வெளியாயிற்று. தத்தம் பற்றீரியாவையும் தத்தம் நியமத்தையும் பயன்படுத்தியபோது விடைகள் சிதறின; ஒரே பற்றீரியாவையும் ஒரே நியமத்தையும் கொடுத்தபோது நெருங்கி வந்தன. அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அந்த ஒரே வழிப் பற்றீரியாவை உறையவைத்து, நியமத்துடன் சிறு பெட்டிகளில் அடைத்து, வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பலாயிற்று.